முதலில் வந்த விடை

அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘ஒண்ணுதான் மேடம்’ என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த யாராவது, “எதுக்கு அப்புறம் எதச் செய்யணும்னு இந்த புரோகிராம்ல எழுதவே இல்லயே மேடம், மெஷின் எப்படிச் செய்யும்?” என்று கேட்டுவிட்டால் போதும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். “எந்த வரிசையில செஞ்சா என்ன? விடை ஒண்ணுதான்” என்று ஆரம்பித்தால் டீ ஆறி ஆடை கட்டுகிறவரை விடமாட்டாள். கேட்டவர் பாவம், இனி ஜென்மத்துக்கும் கேட்கக் கூடாது என்ற முடிவோடு எழுந்துபோவார்.

அவள் எழுதுவது கம்பைலர். மனிதர்கள் எழுதுகிற புரோகிராமை மெஷினுக்குப் புரிகிற கட்டளைகளாக மாற்றித் தருகிற புரோகிராம் அது. அதிலும் அவளுடையது தனி ரகம். ஒரே கணக்கைப் பல துண்டாக்கி, நூற்றுக்கணக்கான புரோசசர்களுக்குப் பிரித்துக் கொடுத்து, அவை செய்து முடித்ததை மறுபடி ஒன்றுசேர்க்கிற ரகம்.

அந்த வேலைக்கு அவள் வந்ததே சூடுபட்ட பிறகுதான். படிப்பு முடிந்ததும் கிடைத்த முதல் வேலை, இரும்புத் தகடுகள் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்கிடும் ஓர் ஆய்வுக்கூடத்தில். அங்கும் பல புரோசசர் மெஷின்தான். ஆனால் புரோகிராம் வழக்கமான மொழியில் இருந்தது. ஒரு புரோசசர் எழுதி வைத்த எண்ணை அடுத்தது அழித்துவிட்டுத் தன் எண்ணை எழுதும். திங்கட்கிழமை சரியாக வந்த விடை செவ்வாய்க்கிழமை தப்பாக வரும். எங்கே தப்பு என்று நின்று பார்த்தால், பார்க்கிற நேரத்தில் எல்லாம் ஒழுங்காக நடக்கும். பிழையைத் தேடித் தேடியே அவளுக்கு முன்தலையில் நரை விழுந்தது.

அப்போதுதான் ஃபங்ஷனல் மொழிகள் என்று சொல்லப்படுகிறவை அவள் கண்ணில் பட்டன. அவற்றில் ஒரு முறை கணக்கிட்ட மதிப்பை யாரும் அழித்து எழுத முடியாது. பள்ளிக் கணக்கில் ஒரு சமன்பாட்டை எழுதுவதுபோல எது எதற்குச் சமம் என்று மட்டும் சொல்லிக்கொண்டே போகலாம். யாரும் யாருடையதையும் கெடுக்க முடியாது என்றால் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் பயமில்லாமல் பிரித்துக் கொடுக்கலாம் அல்லவா? அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோஷம், வீட்டுக்கு வந்து அண்ணனைப் பிடித்து உட்காரவைத்து விளக்குகிற அளவுக்குப் போனது.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அவனுக்குப் புரிகிற மாதிரியே சொன்னாள். “நாலு மாடியில நாலு பேரு வேலை செய்யறாங்கன்னு வெச்சுக்கோ. ஒருத்தர் மாட்டின ஸ்க்ரூவ இன்னொருத்தர் கழட்டவே முடியாது. அப்ப யாரு முன்னாடி செஞ்சா என்ன, யாரு பின்னாடி செஞ்சா என்ன?”

“அந்த மாதிரி நாலு பேரு கெடச்சா நான் ஏன் வேலைக்குப் போறேன்? வீட்டுல படுத்துத் தூங்க மாட்டேனா?” என்றான் அண்ணன்.

சொல்லுவது சுலபமாக இருந்தது. செய்வதற்குள் அவளுக்கு இளமை போய்விட்டது. பிரிக்கலாம் என்பதற்காக எல்லாவற்றையும் பிரித்தால், இரண்டு எண்களைக் கூட்டுகிற வேலையைக்கூட இன்னொரு புரோசசருக்கு அனுப்பி, அது பதில் அனுப்பி, அதை வாங்கி வைப்பதற்குள் கூட்டல் பத்துத் தடவை முடிந்திருக்கும். எதைக் கொடுத்தனுப்புவது, எதைத் தானே வைத்துக்கொள்வது என்று கம்பைலரே முடிவெடுக்க வேண்டும். அந்தப் புத்தியை அதற்குப் புகட்டத்தான் அவளுடைய முப்பதுகள் முழுக்கச் செலவாயின. கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், “அடுத்த வெர்ஷன் வெளிய வரட்டும்” என்று தள்ளிப்போட்டாள். வெர்ஷன்கள் வந்துகொண்டே இருந்தன. மாப்பிள்ளைகள் வருவது நின்றுவிட்டது. அண்ணன் வீட்டு மாடியிலேயே இரண்டு அறைகளை வைத்துக்கொண்டு இருந்துவிட்டாள். கீழே அண்ணனும் அண்ணியும். சாப்பாடு கீழே, தூக்கம் மேலே. அண்ணிக்குப் பிள்ளைகள் இல்லை. நாத்தனாரைத் திட்டுவதிலும் ஊட்டுவதிலும் அந்தக் குறையைத் தீர்த்துக்கொண்டாள்.

அண்ணனுக்கு ஐம்பது வயதை ஒட்டிச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயின. கால் வீக்கத்தைக் கண்டும் காணாமல் இருந்துவிட்டான். தெரிந்தபோது டயாலிசிஸ் தவிர வேறு வழி இல்லை. வாரத்துக்கு மூன்று நாள் மெஷினோடு ரத்தக் குழாயை இணைத்துக்கொண்டு கிடக்க வேண்டியதாயிற்று. “ஊர்ல இருக்கற மெஷினெல்லாம் நான் பாத்துக்கிட்டேன், இப்ப ஒரு மெஷின் என்னப் பாத்துக்குது” என்று நர்சுகளிடம் சொல்லிச் சிரிப்பான். வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

அண்ணி தன் சிறுநீரகம் ஒன்றைத் தருவதாக உடனே சொன்னாள். ரத்தம் பொருந்தவில்லை. டயாலிசிஸ் நடந்த அதே மருத்துவமனையில், இப்படிப் பொருந்தாமல் போன ஜோடிகளைச் சேர்த்துப் பார்க்கும் மையம் ஒன்று இருந்தது. இந்த வீட்டு மனைவியின் சிறுநீரகம் அந்த வீட்டுக் கணவனுக்கு, அந்த வீட்டு அம்மாவுடையது இந்த வீட்டு ஆளுக்கு என்று, இரண்டு மூன்று ஜோடிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்வது. நூற்றுக்கணக்கான ஜோடிகள் பதிந்திருக்கும்போது யாரை யாரோடு சேர்த்தால் அதிகம் பேர் பிழைப்பார்கள் என்று பார்ப்பது மனிதர்களால் ஆகிற காரியம் இல்லை. மையத்தில் அதற்கு ஒரு புரோகிராம் வைத்திருந்தார்கள். அது எழுதப்பட்டிருந்தது ஃபங்ஷனல் மொழியில். பதிந்தவர்கள் பெருகப் பெருக, ஒரு முறை ஓட்டி முடிக்கவே வாரக்கணக்கு ஆனதால், அவளுடைய அலுவலகத்தை நாடி வந்தார்கள். அவள் கம்பைலர் வழியாகப் பல புரோசசர் மெஷினில் ஓட்டியபோது ஒரு மணி நேரத்தில் முடிந்தது. மையத்து டாக்டரம்மா கேக் வாங்கி அனுப்பினார்.

இதெல்லாம் அண்ணன் பதிவதற்கு முன்னால் நடந்தது. அவன் பதிந்த அன்றே அவள் தன் டைரக்டரிடம் போய், “எங்க அண்ணனும் அதுல இருக்காரு சார்” என்று சொன்னாள். “நீங்க கம்பைலர்தான எழுதறீங்க, யாருக்குக் கெடைக்கணும்னா எழுதறீங்க?” என்றார் அவர். அவளுக்கும் அது நியாயமாகவே பட்டது.

புது ஏற்பாட்டில் வந்த முதல் முடிவிலேயே அண்ணனுக்கு இடம் கிடைத்தது. மூன்று ஜோடிகள் கொண்ட சுற்று ஒன்றில் அவனும் அண்ணியும் ஒரு ஜோடி. மருத்துவமனையிலிருந்து போன் வந்தபோது அண்ணி மாடிப்படியில் நின்றிருந்தாள். அங்கேயே உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அண்ணன் அவள் பக்கத்தில் உட்கார இடம் இல்லாமல் இரண்டு படி கீழே உட்கார்ந்து, “எதுக்கு அழற, ஒனக்கும்தான் ஒண்ணு எடுக்கப்போறாங்க” என்றான். அண்ணி நாத்தனாரின் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். “ஒன் மெஷின்தான்டி குடுத்துச்சு. நீ நல்லா இருப்ப” என்றாள்.

கண்டம் வந்தது ஒரு சாதாரண மதிய வேளையில். எத்தனை புரோசசர் போட்டால் எவ்வளவு வேகம் கிடைக்கிறது என்று அலுவலகத்தில் ஒரு வரைபடம் கேட்டிருந்தார்கள். அண்ணனுக்கு இடம் கொடுத்த முடிவுக்குப் பயன்பட்ட விவரங்களின் நகலை மையம் சோதனைக்கென்று கொடுத்திருந்தது; அதை எடுத்தாள். அதில் பெயர்கள் கிடையாது. பதிந்த வரிசைப்படி எண்கள் மட்டும். புரோசசர்களைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு முறையும் விடை பழைய விடையோடு ஒத்துப்போகிறதா என்று மெஷினே பார்த்துச் சொல்லும். இருபது வருஷமாக அது ‘ஒத்துப்போகிறது’ என்றுதான் சொல்லிவந்திருக்கிறது. அன்றைக்கு, ‘வேறுபடுகிறது’ என்றது.

அவள் பதறவில்லை. மையத்து புரோகிராமில் ஒரு வார்த்தை உண்டு: சிறந்த விடைகளில் ‘ஏதேனும் ஒன்று’. சமமான இரண்டு விடைகள் இருந்தால் இதுவும் வரலாம், அதுவும் வரலாம். கம்பைலர் கையேட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறது; எழுதியதே அவள்தான். எத்தனை பேருக்குக் கிடைக்கிறது என்று பார்த்தாள். இரண்டிலும் ஒரே எண்ணிக்கை. சரி, ஒன்றுதான் என்று மூடிவிடப் போனவள், கை பழக்கத்தில் அண்ணனுடைய எண்ணைத் தேடினாள். அது இல்லை. அவனுடைய சுற்று முழுவதுமே இல்லை. அதற்குப் பதில் வேறொரு சுற்று இருந்தது. அதில் இருந்த ஓர் எண் அண்ணனுடையதைவிட வெகு சிறியது. அந்த ஆள் அண்ணனுக்குப் பல வருஷம் முன்னால் பதிந்தவர்.

மறுபடி ஓட்டினாள். அண்ணன் வந்தான். மறுபடி ஓட்டினாள். மற்றவர் வந்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து ஓட்டினாள். ஒவ்வொரு முறையும் அண்ணனுடைய எண்ணே வரவேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. வந்தபோது ஒரு நிம்மதி, வராதபோது உடனே அடுத்ததை ஓட்டினாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருப்பதுபோலக் காத்திருந்தாள்.

காரணத்தைக் கண்டுபிடிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஒவ்வொரு புரோசசரும் தன் பங்குக்குத் தேடி ஒரு விடையோடு வரும். இரண்டு பேர் கொண்டுவந்தது சமமாக இருந்தால் என்ன செய்வது? ‘முதலில் வந்ததை வைத்துக்கொள்’ என்று அவள் எழுதியிருந்தாள். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம் என்பதற்காக எழுதியது. எழுதிய அன்று சந்தோஷப்பட்டதுகூட நினைவிருந்தது. எந்த புரோசசருக்கு அன்றைக்கு வேலை சீக்கிரம் முடிந்ததோ அது கொண்டுவந்த ஆளுக்கு உயிர்.

அதற்கும் மேல் ஒன்று இருக்கிறது என்பது அடுத்த டயாலிசிஸ் நாளில் தெரிந்தது. அண்ணனை மெஷினில் போட்ட பிறகு அவள் வழக்கமாக உட்காருகிற பெஞ்சுக்கு மேலே ஓர் அறிவிப்புப் பலகை. மாதக்கணக்காக அதன் கீழேதான் உட்கார்ந்திருக்கிறாள். அன்றைக்குத்தான் திரும்பிப் படித்தாள். ‘பொருத்தம் சமமாக இருந்தால் முன்னால் பதிந்தவருக்கே முன்னுரிமை.’

அந்த வாரம் முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கீழே அறுவை சிகிச்சைக்கான ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தன. அண்ணி புதுப் போர்வை வாங்கி வைத்தாள். அண்ணன் தன் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு, கூட வேலை பார்க்கிறவரிடம் எந்தக் கட்டடத்து லிஃப்ட் எப்படி முரண்டு பிடிக்கும் என்று போனில் ஒப்பித்துக்கொண்டிருந்தான். “ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்க? எனக்குத்தான ஆபரேஷன்?” என்று கேட்டான். “ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி” என்று மென்று விழுங்கினாள்.

கையேட்டைக் காட்டித் தப்பித்துக்கொள்ளலாம். ‘ஏதேனும் ஒன்று’ என்று கேட்டவர்களுக்கு ஏதேனும் ஒன்றைத்தான் அவள் கொடுத்திருக்கிறாள். யாரும் குற்றம் சொல்ல முடியாது. சொல்லாமல் இருந்தாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. தெரிந்தாலும், அண்ணனுக்குக் கிடைத்ததில் தெரிந்தவர்களில் பாதிப் பேர் சந்தோஷப்படுவார்கள். இப்படியெல்லாம் யோசித்து முடித்தபோது, தனக்கு வக்கீல் வேலையும் நன்றாக வரும்போலிருக்கிறதே என்று தோன்றித் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

அண்ணனிடம் சொல்லலாமா என்று இரண்டு முறை படியிறங்கினாள். இரண்டு முறையும் திரும்பிவிட்டாள். சொன்னால் முடிவெடுக்கிற பாரம் அவன் தலையில் விழும். ‘வேண்டாம், அந்த ஆளுக்கே குடுங்க’ என்று அவனைச் சொல்லவைப்பது கொடுமை. ‘சொல்லாத’ என்று அவன் சொல்லிவிட்டால் அது இன்னும் கொடுமை. அப்படித்தான் அவள் நினைத்தாள்.

யாரிடமும் சொல்லாமல் மையத்துக்குப் போனாள். டாக்டரம்மாவின் அறையில் ஜன்னல் ஓரமெல்லாம் கோப்புகள். நோயாளிகளுக்குப் போன் செய்துகொண்டிருந்தவர் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, “வாங்க, அண்ணனுக்குத் தேதி குறிச்சாச்சு போலிருக்கே” என்றார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மா புரோகிராம் எழுதியவரை வரச்சொன்னார். தலை வழுக்கையான, மெதுவாகப் பேசுகிற மனிதர்.

“சமமா வந்தா முன்னாடி பதிஞ்சவங்கதான் வருவாங்க டாக்டர். எத்தனையோ வருஷமா அப்படித்தான் வந்திருக்கு” என்றார் அவர்.

“அது புரோகிராம்ல எங்க சார் எழுதியிருக்கு?” என்று அவள் கேட்டாள்.

அவர் மடிக்கணினியைத் திறந்து தேடினார். மேலே போனார், கீழே வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி தேடினார். “எழுதல போலிருக்கு” என்றார் கடைசியில். “பதிஞ்ச வரிசையிலேயே ஒண்ணு ஒண்ணா பாத்துக்கிட்டு வந்துச்சு. முதல்ல அமைஞ்சத விடாது. அதனால தானா அப்படி வந்துச்சு. எழுதணும்னு தோணவே இல்ல.”

அந்த விதி எந்த வரியிலும் இல்லை. வரிசையில்தான் இருந்தது. வரிசையைக் கலைத்தது அவள்.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். “டெஸ்டெல்லாம் பாதி முடிஞ்சிருச்சு” என்றார். “நீங்க சொல்லாம இருந்திருந்தா இது யாருக்கும் தெரியப்போறதில்ல.”

“அடுத்த தடவையும் இப்படித்தான் ஆகும் டாக்டர். அப்ப எடம் போறது யாருக்குன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.”

“வீட்டுல சொல்லிட்டீங்களா?”

அவள் இல்லையென்று தலையசைத்தாள்.

மையத்துக் குழு கூடிப் பேசி ஆபரேஷன் தேதியைத் தள்ளிவைத்தது. பழைய கம்பைலரில், ஒரே ஒரு புரோசசரில், வரிசை மாறாமல் மறுபடி ஓட்டினார்கள். வாரக்கணக்கில் ஓடி முடிந்தபோது அண்ணனுடைய சுற்று வரவில்லை. அந்தச் சுற்றில் இருந்த மற்ற இரண்டு குடும்பங்களுக்கும் ‘இடம் இல்லை’ என்று போன் போயிருக்கும் என்ற நினைப்பு அவளுக்குத் தாமதமாகத்தான் வந்தது. வந்தபிறகு போகவே இல்லை.

வீட்டுக்குப் போன் வந்த அன்று மாலை அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அண்ணி மேலே ஏறிவந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“நீ போய் சொன்னியா?”

“ஆமா அண்ணி.”

“ஒன் வாயாலயே சொன்னியா, இவருக்கு வேண்டாம்னு?”

“வேண்டாம்னு சொல்லல அண்ணி. மெஷின்ல தப்பு இருக்குன்னு சொன்னேன். அந்த ஆளு முன்னாடி பதிஞ்சவரு. நியாயமாப் பாத்தா...”

“நியாயத்த நீயே வெச்சுக்க. சாப்பாட்டையும் இனிமே நீயே பாத்துக்க” என்று சொல்லிவிட்டு அண்ணி இறங்கிப் போனாள். கத்தவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

அண்ணன் அன்றைக்கு மேலே வரவில்லை. மறுநாள் அவளே டயாலிசிஸுக்குக் காரை எடுத்தாள். அண்ணன் பின்சீட்டில் உட்கார்ந்தான். பாதி வழியில் பேசினான்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

“சொன்னா நீ என்ன சொல்லியிருப்ப?”

“தெரியாது. அதத்தான் சொல்றேன். நல்லவனா இருந்திருப்பேனா, கெட்டவனா இருந்திருப்பேனான்னு எனக்கே தெரியாது. தெரிஞ்சுக்கறதுக்கு நீ விடல. நான் எப்படிச் சொன்னாலும் விடை ஒண்ணுதான்னு நீயா முடிவு பண்ணிட்ட.”

சிக்னலில் பச்சை விழுந்தும் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அண்ணனைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் அவனிடம் மறைத்தாள். யாரையும் கேட்காமல் வரிசையைக் கலைத்தது மாதிரி, யாரையும் கேட்காமல் அவனையும் ஒதுக்கிவிட்டாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

அலுவலகத்தில் டைரக்டர் வேறு விதமாகக் கவலைப்பட்டார். “கையேட்டுல தெளிவா இருக்கு. நம்ம பக்கம் தப்பு இல்லன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுங்க” என்றார். எழுதிக் கொடுத்தாள். கூடவே, கம்பைலரில் அந்த இடத்தைத் தான் மாற்றப்போவதாகவும் சொன்னாள். ‘ஏதேனும் ஒன்று’ என்று கேட்டாலும், ஒற்றை புரோசசர் எதைக் கொடுக்குமோ அதைத்தான் ஆயிரம் புரோசசரும் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு விடையோடும் அது மூல வரிசையில் எந்த இடத்தைச் சேர்ந்தது என்ற குறிப்பையும் சேர்த்து அனுப்பி, சமமாக வந்தால் முன்னிடத்துக்காரரை வைத்துக்கொள்கிற ஏற்பாடு. பின்னால் இருக்கிற புரோசசர் விடையோடு வந்து நின்றாலும் முன்னால் இருக்கிறவர் தேடி முடிக்கும்வரை நிற்க வேண்டும். வேகம் குறைந்தது. உடன் வேலை செய்கிறவர்கள் முணுமுணுத்தார்கள். “கேட்டது ‘ஏதேனும் ஒன்று’தான மேடம், நாம ஏன் கெடந்து கஷ்டப்படணும்?” என்று ஒருவர் நேரிடையாகவே கேட்டார். முன்பென்றால் நாற்காலியை இழுத்துப் போட்டிருப்பாள். அன்றைக்கு, “நான் சொல்றதச் செய்யுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தாள். மையத்து வழுக்கைத் தலைக்காரரும் தன் புரோகிராமில் அந்த விதியை முதல் முறையாக எழுத்தில் எழுதினார். இனி கம்பைலர் எதைச் செய்தாலும் அது மாறாது. அவளுடைய மாற்றம் தேவைப்படாமலே போகலாம். இருந்தாலும் அதை அவள் எடுத்துவிடவில்லை.

சில வாரங்கள் கழித்து டயாலிசிஸ் கூடத்துக்கு ஒரு பெண் வந்தாள். நர்சுகளிடம் விடைபெற வந்தவள். அவளுடைய கணவர் வேறு நேரத்தில் அதே கூடத்தில் மெஷினில் இருந்தவர்; சிகிச்சை நல்லபடி முடிந்துவிட்டதாம். “முதல்ல இல்லன்னுட்டாங்க சிஸ்டர். அப்புறம் மெஷின்ல ஏதோ கோளாறுன்னு மறுபடி கூப்பிட்டாங்க. யாரு புண்ணியமோ” என்றாள். படுக்கையில் இருந்த அண்ணன் தலையைத் திருப்பினான். பெஞ்சில் இருந்த தங்கை தலையைக் குனிந்துகொண்டாள்.

“எத்தன வருஷமா இருந்தாரும்மா?” என்று அண்ணன் கேட்டான்.

“ஏழு முடிஞ்சுது அண்ணே. கையெல்லாம் நரம்பு கயிறு மாதிரி ஆயிருச்சு. ஊசி குத்த எடமே இல்ல.”

“இப்ப நல்லா இருக்காரா?”

“தண்ணி குடிக்கறாரு அண்ணே. வயிறு நெறையத் தண்ணி குடிக்கறாரு.”

அண்ணன் சிரித்தான். தண்ணீரை அளந்து குடிக்கிறவனுக்கு அது புரிந்தது. “குடிக்கட்டும்” என்றான். அந்தப் பெண் போன பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். வீட்டுக்குத் திரும்பும்போது முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. அடுத்த முடிவில் அண்ணனுக்கு இடம் வரவில்லை. அதற்கடுத்த முறை, குழாய் சொருகுகிற இடத்தில் தொற்று வந்து காய்ச்சலில் கிடந்தான். உடம்பு தேறும்வரை அவனைப் பட்டியலில் சேர்க்கவே இல்லை. லிஃப்ட் வேலையை விட்டுவிட்டான். பகலெல்லாம் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தெருவில் போகிற வண்டிகளின் சத்தத்தை வைத்து என்ன பழுது என்று சொல்லிக்கொண்டிருப்பான். அண்ணி நாத்தனாரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மருந்துச் சீட்டு, போகிற நேரம், வருகிற நேரம் என்று தேவைக்கு மட்டும் இரண்டு வார்த்தை. மாடியில் தனியாகப் பொங்கித் தின்பதற்கு அவள் பழகிக்கொண்டாள். உப்பு மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை.

காய்ச்சல் தெளிந்து அண்ணனை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். அந்த முறையும் இல்லை என்று போன் வந்த நாளில், அண்ணி படியேறி வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

“நீ ஓட்டிப் பாத்தியா?”

“அவங்க ஓட்டினாங்க அண்ணி. அந்த விவரம் எங்கிட்ட வராது இப்ப. நானே வேண்டாம்னுட்டேன்.”

“எத்தன தடவ ஓட்டினாலும் இதேதான் வருமா?”

“இதேதான் வரும்.”

“மொதல்ல நடந்த மாதிரி ஒரு தடவ வந்து ஒரு தடவ வராம...”

“இல்ல அண்ணி. அது முடிஞ்சு போச்சு.”

அண்ணி உள்ளே வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். முழங்கையை மடியில் ஊன்றிக்கொண்டு தரையைப் பார்த்தாள். “அப்ப நிஜமாவே இல்லதான்” என்றாள். அழவில்லை. “அன்னிக்கு நீ சொல்லாம இருந்திருந்தா இந்நேரம் அவரு வேலைக்குப் போயிருப்பாரு. அத நான் மறக்க மாட்டேன். மறந்துட்டேன்னு நீ நெனச்சுக்காத” என்றாள்.

“நெனைக்கல அண்ணி.”

கீழே அண்ணன் யாரிடமோ, பெல்ட் தேய்ந்துபோயிருக்கிறது, சீக்கிரம் மாற்று என்று சொல்வது கேட்டது. அண்ணி எழுந்திருக்கிறவள்போல அசைந்தாள்; எழுந்திருக்கவில்லை. அண்ணாந்து பார்த்தாள்.

“ஃபேன்ல எவ்வளவு தூசி. தொடைக்கவே மாட்டியா? ஸ்டூல எடு, துணி ஒண்ணு நனைச்சுட்டு வா” என்றாள்.